293 யார் பங்கு?

...எண்பத்து நான்கு இல்லை, எண்பத்து மூன்று என்றுதான் சொன்னாள், தன் வாயாலேயே சொன்னாள், குறைகிற அந்த ஒன்றைத்தான் பதினோரு வருஷமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தொடர்கதை இன்ஸ்பெக்டர் கடைசி அத்தியாயம் வரை சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒற்றைப் பொத்தான் மாதிரி... இன்றைக்கு எதற்கு அது? இன்றைக்கு வேலை ஒரே ஒரு கையெழுத்து. மணி பத்தே முக்கால். பதினொன்றேகாலுக்குத் தலைச்சோலை பஸ் இந்த ஒண்டிக்கடை முக்குக்கு வரும், அதிலிருந்து என் மனைவி ஆராயி இறங்குவாள், அவள் தம்பி முனியப்பன் பத்திரத்தை நீட்டுவான், நான் போடுவேன், பதினொன்று நாற்பதுக்கு அதே பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள், அப்புறம் அவள் என் மனைவி இல்லை. கோர்ட்டுக்குப் போகாமல் ஊர் வழக்கப்படி எழுதி வாங்கிக்கொள்வது, அத்துவிடுகிறது என்பார்கள் ஊரில், கயிற்றை அறுத்துவிடுகிற மாதிரி. சித்தன் என்று தலைச்சோலையில் ஒருவர், மனைவி செத்து நாலு வருஷம், ஆரஞ்சுத் தோட்டம் இருக்கிறது, குடிக்க மாட்டாராம், அவருக்கு ஆராயியைக் கட்டி வைக்கப் போகிறார்கள். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒருத்தராவது மட்டமான ஆள் என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? கடைக்கார லூர்துராஜ் டீயை வைத்துவிட்டுப் போய் எவ்வளவு நேரம் ஆகிறதோ, மேலே ஆடை கட்டிவிட்டது. "ஏனுங்க ரைட்டரே, டீ குடிக்கறதுக்கா பாக்கறதுக்கா? பாக்கறதுன்னா ஏரியைப் போயிப் பாருங்க, காசில்லாம பாக்கலாம்" என்கிறான் கல்லாவிலிருந்தே, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் எல்லாருக்கும் நான் ரைட்டர். சிரித்தேன் என்று நினைக்கிறேன். மடியில் பை. பைக்குள் ஆராயியின் நோட்டு, அவள் கட்டிய சணல் கயிறும் அவள் போட்ட முடிச்சுமாக அப்படியே. போன ஞாயிற்றுக்கிழமை முனியப்பன் எஸ்டேட்டுக்கு வந்து தேதி சொன்னபோது, "அந்த நோட்டையும் மறக்காம எடுத்தாறச் சொல்லுச்சுங்க அக்கா" என்றான். குத்துவிளக்கைக் கேட்கவில்லை, அவளுடைய தையல் மெஷினைக் கேட்கவில்லை, நோட்டைக் கேட்டிருக்கிறாள். நான் இன்று வரை திறக்காத நோட்டு. ஏன் திறக்கவில்லை? முதலில் கோபம். அப்புறம்... அப்புறம் கோபம் இல்லை, பயம். உள்ளே எழுதாத பக்கம் இருந்தால் அவள் பொய் சொன்னாள் என்று ஆகிவிடும், எல்லாம் எழுதியிருந்தால் நான் அயோக்கியன் என்று ஆகிவிடும், இரண்டில் எது இருந்தாலும் அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது... யாரோடு குடித்தனம்? டிரங்குப் பெட்டியோடுதான்.

பத்து லட்சத்து ஒன்பது. ஒன்று, அப்புறம் ஐந்து பூஜ்யம், அப்புறம் ஒன்பது. எழுபத்தேழாம் வருஷம் ஆடி மாதம், ஒரு வாரப் பத்திரிகையில், கொலைத் தொடர் ஒன்றின் அத்தியாயத்துக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள், 10,00,009 என்ற எண் பகா எண்ணா, பகு எண்ணா? சரியான விடை எழுதுகிறவர்களில் நாலு பேருக்குக் கைக்கடிகாரம், பெயரும் ஊரும் அச்சில் வரும். நான் கொலைகாரன் யார் என்ற யோசனையில் பக்கத்தைத் திருப்பப் போனேன், ஆராயிதான் பிடித்து நிறுத்தினாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் தோற்று, கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள், ஆசிரியை ஆக வேண்டும் என்று இருந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு எஸ்டேட் குவார்ட்டர்ஸில் ஓட்டுக்கூரை ஒழுக்குக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள். பகா எண் என்றால் எதனால் வகுத்தாலும் மீதி நிற்கும், ஒன்றாலும் தன்னாலும் மட்டும்தான் வகுபடும் என்று நான் புத்தகத் தமிழில் சொல்ல, அவள் ஜன்னல் வழியே காப்பிச் சரிவைக் காட்டி, "அத்தனை செடி இருக்குதுன்னு வெச்சுக்கங்க, எத்தனை வரிசை போட்டு நட்டாலும் கடைசி வரிசை மூளியாத்தான் நிக்கோணும், அதானுங்களே?" என்றாள். அதேதான். "ஆயிரம் வரிசை, வரிசைக்கு ஆயிரம் செடி, மிச்சம் ஒம்பது. அந்த ஒம்பதை மூணுக்கு மூணா நம்ம ஊட்டுக்குப் பின்னால நட்டுக்கலாமுங்க" என்றாள். நட்டோம். விளையாட்டாய்ச் சொன்னதை நர்சரியிலிருந்து நாற்று கேட்டு வாங்கி நிஜமாகவே நட்டோம், ஒன்பதும் இப்போது என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன, பழம் பறிக்கிறபோது மற்ற சரிவுகளோடு சேர்த்துப் பறிக்க நான் விடுவதில்லை, பறவை தின்னட்டும்... கைக்கடிகாரம் அவளுக்குப் பொருட்டே இல்லை. அவளுக்கு அச்சில் பெயர் வேண்டும். நான் கீழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த எஸ்டேட் குடும்பம், அவள் மலைக்காரர்களின் பெண், சேலத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸில் இரண்டு சாட்சியோடு கல்யாணம், இரண்டு வீட்டிலும் கதவு சாத்தினார்கள், பத்திரிகை அடிக்க யார் இருந்தார்கள்? "நம்ம ரெண்டு பேர் பேரும் ஒண்ணா எதுலயும் அச்சாகலீங்களே. இதுல வந்தா எங்கய்யன் ஊட்டுலகூட யாராச்சும் வாங்கிப் படிப்பாங்க" என்றாள். காளியண்ணன் – ஆராயி, ஏற்காடு. அப்படி வர வேண்டும். அதுதான் எங்கள் கல்யாணப் பத்திரிகை.

வழி சுலபம். இந்த எண்ணை ஆயிரத்துக்குள் எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை என்றால் அதற்கு மேலும் எதுவும் வகுக்காது, ஆயிரத்துக்குள்ளும் பகா எண்களை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும், 2, 3, 5, 7, 11 என்று போய் 997 வரை மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. அவ்வளவையும் காப்பி மூட்டைக்குச் சுற்றுகிற பழுப்புத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நூற்று அறுபத்தெட்டு வகுத்தல். ஆளுக்குப் பாதி, எண்பத்து நான்கு. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, குடையை விரித்துக்கொண்டே, வாசலில் நின்றபடி சொன்னேன், "வரிசையில ஒண்ணாவது, மூணாவது, அஞ்சாவது எல்லாம் எனக்கு. ரெண்டாவது, நாலாவது, ஆறாவது எல்லாம் உனக்கு." அவள் சரிங்க என்றாள். இரண்டு எனக்கு, மூன்று உனக்கு, ஐந்து எனக்கு, ஏழு உனக்கு என்று எண்ணையே சொல்லிக் காட்டியிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? மழை வலுத்துக்கொண்டிருந்தது, போய்விட்டேன்... சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். "பாத்தா நீங்க போட்டதையே நானும் போட்டுருவேனுங்க" என்று நோட்டின் மேல் முந்தானையைப் போட்டு மூடிக்கொள்வாள். பென்சில் சத்தம், ஓட்டில் மழைச் சத்தம், நடுநடுவே "மீதி" என்று அவள் மட்டும் வாய்விட்டுச் சொல்லுவாள், எவ்வளவு மீதி என்று சொல்ல மாட்டாள். அப்படி ஒரு மாதம். மொத்தத்தில் என் வாழ்க்கையில் நன்றாக இருந்தது எது என்று யாராவது கேட்டால் அந்த ஒரு மாதத்தைத்தான் காட்டுவேன். இருவரும் முடித்தோம், எதுவும் வகுக்கவில்லை, பகா எண் என்று எழுதி, இரண்டு பெயரையும் அவள் கையாலேயே எழுத வைத்து, தபாலில் போட்டேன்.

விடை வந்த வியாழக்கிழமை இதே லூர்துராஜ் கடையில்தான் நின்று படித்தேன். 10,00,009 = 293 × 3413. பகு எண். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வரிசை போட்டால் வரிசைக்கு மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று செடி, ஒரு செடி மிச்சமில்லை. கீழே ஒரு குறிப்பு, இந்த எண் ஆயிரத்தின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது, அதே எண் 972-இன் வர்க்கமும் 235-இன் வர்க்கமும் சேர்ந்ததும்கூட, இப்படி இரண்டு விதமாகப் பிரிக்க முடிகிற எண் பகா எண்ணாக இருக்கவே முடியாது என்று. நாலு பெயர் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. நான் அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணினேன், 293 வரிசையில் எத்தனையாவது? அறுபத்திரண்டாவது. இரட்டை. அவள் பங்கு. மூன்று மைல் மழையில் நடந்து போகும்போதே கேஸை முடித்துவிட்டேன். எத்தனை வகுத்தல் போட்டாய் என்று கேட்டேன், ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை. எண்பத்து மூணுங்க என்றாள். எண்பத்து நான்கு வரணுமே. எனக்கு அவ்வளவுதான் வந்துச்சுங்க. அவ்வளவுதான்! தடயம் கைக்கு வந்துவிட்டது. ஒன்று குறைகிறது, அந்த ஒன்றுதான் 293, போடாமலேயே போட்டேன் என்றிருக்கிறாள். "போட்டதைத்தான் போட்டேன்னு சொன்னேனுங்க. 293 உங்க பங்கா இருக்கும். இந்தாங்க, நோட்டைப் பாருங்க" என்று நீட்டினாள். நான் வாங்கினேனா? இல்லை. "பாக்க வேண்டியதில்லை. போடாததைப் போட்டேன்னு சொல்றவ இன்னும் எதெதுல சொல்லியிருப்பியோ" என்றேன். எதெதில் என்று எனக்கே தெரியாது, மனசில் ஒன்றும் இல்லை, சும்மா கூர்மையாக இருக்கட்டும் என்று சொன்னது, அத்தியாயத்தின் கடைசி வரி மாதிரி... அவள் அப்பன் வீடு, ஊர், உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் பேச்சு ஒன்றை நம்பி வந்தவள். நீட்டிய நோட்டைத் திரும்ப மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது, சாவி ஜன்னல் கம்பியில், மேசை மேல் இந்த நோட்டு, மூட்டை தைக்கிற சணலில் கட்டி. எங்கள் இரண்டு பேரையும் வகுக்கிற எண் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன் அப்போது, அதையும் ஏதோ பெரிய வசனம் போல நினைத்தேன். பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

பத்து ஐம்பத்தைந்து. மூடுபனி ரோட்டைத் தாண்டி இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஆரஞ்சுக் கூடைகள், மலைப் பூண்டு, எனக்கு நேர் எதிரே சாக்கை விரித்து ஒரு மலைக்காரக் கிழவி சாமை அளக்கிறது, பாவாயி என்று கூப்பிட்டார்கள், காதில் தண்டட்டி ஆட ஆட. வாங்குகிறவள் சேலத்துக்காரி போலிருக்கிறது, வாய் நன்றாக இருக்கிறது. "ஏன் ஆயா, படியைத் தட்டித் தட்டி அளக்கற, என்னை உன் பேரனுக்குக் கட்டிக் கொடுத்தாப்பல நெனச்சுக் கோபுரமா அளக்கப்படாதா?" "எம் பேரனைக் கட்டறதுக்கு உனக்கு இன்னும் வயசு பத்தாது சாமி, நாப்பதுதானே ஆகுது" என்கிறது கிழவி, சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது, நோட்டைப் பற்றி நினைக்காமல் இருக்கலாம். கிழவி ஒரு படி கோலி எடுத்து, தலை தட்டி, பக்கத்திலிருந்த சின்ன முறத்தில் கொட்டுகிறது, ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படி அந்த அம்மாளின் பைக்குள். "ஒண்ணு" என்கிறது. எங்கள் வீட்டில் முதல் படியை லாபம் என்போம், ஒன்று என்று சொல்ல மாட்டோம், ஆனால் லாபம் என்றாலும் அது கணக்கில் ஒன்றுதான், அடுத்தது இரண்டு. இது என்ன, இரண்டாவது படிக்கு ஒன்று என்கிறதே. அந்த அம்மாளும் பிடித்துக்கொண்டாள். "மொதப் படியை எங்க கொட்டுன? எனக்குத் தெரியாதுன்னு பாத்தியா?" கிழவி நிமிர்ந்து பார்த்தது. "அது சேர்வராயனுக்கு, கண்ணு. எங்க ஊட்ல எதை எண்ணுனாலும் மொதலு சாமிக்கு, அது கணக்குல சேராது. அது என் சாமைதான், உன் பையிலிருந்தா எடுத்தேன்? உனக்கு அடுத்ததுல இருந்துதான் ஒண்ணு." அடுத்த படி. ரெண்டு. அடுத்த படி. மூணு...

எங்க ஊட்ல எதை எண்ணுனாலும். டீ கிளாஸ் என் கையில் இருந்ததா, கீழே வைத்தேனா... எதை எண்ணினாலும் முதலாவது சாமிக்கு, கணக்கில் சேராது, அடுத்ததிலிருந்து ஒன்று. அப்படியானால் இரண்டு என்பது சாமிக்கு. மூன்று என்பது ஒன்றாவது. ஐந்து என்பது இரண்டாவது. ஐயோ. மாமனார் களத்தில் நான் ஒரு தடவை கால் வைத்திருந்தால் தெரிந்திருக்கும், வைத்ததே இல்லையே, கதவு சாத்தினார்களே. மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் படி பிடித்து அளந்து நான் பார்த்ததே இல்லை, எஸ்டேட் கடையில் மூட்டையாய் வரும் அரிசி. சணலை அவிழ்க்க விரல் வரவில்லை, முடிச்சின் நுனியை உள்ளே சொருகிவிட்டிருந்தாள், மலைக்காரர்கள் மூட்டை கட்டுவது அப்படி, பல்லால் கடித்து இழுத்தேன், "கத்திரி தரட்டுமாங்க ரைட்டரே?" என்கிறான் லூர்துராஜ், வேண்டாம் வேண்டாம்... முதல் பக்கம். அவள் கையெழுத்து, பதினோரு வருஷத்துக்குப் பிறகு. பென்சில் மங்கவே இல்லை. மேலே தனியாக 2 என்று எழுதி, சுற்றிலும் மஞ்சளில் ஒரு வட்டம், விரலால் தொட்டு வைத்தது, இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. அதற்குக் கீழே 3, பக்கத்தில் 1. 5, பக்கத்தில் 2. 7, பக்கத்தில் 3. பள்ளிக்கூடத்துக் கணக்காக இருந்தால் அவள் எல்லாரையும் போலத்தான் எண்ணியிருப்பாள், தொண்ணூற்றெட்டு வாங்கியவள் அல்லவா, ஆனால் இது எங்கள் காரியம், எங்கள் பெயர் அச்சில் வரப்போகிற நல்ல காரியம், அதனால் முதலாவதை எடுத்து சாமிக்கு வைத்திருக்கிறாள். எப்படியும் ஒற்றைப்படை எண்ணை இரண்டு வகுக்காது, அதனால் அதைக் கொடுத்தால் நஷ்டமில்லை என்றும் நினைத்திருப்பாள், கெட்டிக்காரி... என் நோட்டும் பையில்தான் இருந்தது, எதற்கோ அதையும் எடுத்து வந்திருந்தேன், இரண்டையும் மடியில் விரித்தேன். ஐந்து, மீதி நான்கு. அவளிடமும் ஐந்து, மீதி நான்கு. பதினொன்று, மீதி பத்து. அவளிடமும். பதினேழு, மீதி ஒன்று. அவளிடமும். அவளுடைய இரண்டாவது என்னுடைய மூன்றாவது, அவளுடைய நான்காவது என்னுடைய ஐந்தாவது. ஒரு மாதம், மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொண்டு, ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரே எண், ஒரே மீதி. மூன்றைக்கூட யாரும் தொடவில்லை, ஏழைத் தொடவில்லை, பதின்மூன்றைத் தொடவில்லை. 283, மீதி 170. அதற்கு அடுத்து 307, மீதி 110. இரண்டு நோட்டிலும். நடுவில் 293 இல்லை. எனக்கு அது அறுபத்திரண்டு, அதனால் அவள் பங்கு. அவளுக்கு அது அறுபத்தொன்று, அதனால் என் பங்கு. எண்ணிப் பார்க்கிறேன், அவள் முறையில் எண்ணினால் இரட்டை வரிசை எத்தனை வரும்? எண்பத்து மூன்று. எண்பத்து மூன்றுதான் வரும். எனக்கு அவ்வளவுதான் வந்துச்சுங்க. ஆமாம் ஆராயி. அவ்வளவுதான் வரும்.

நோட்டை மூடப் போனவன் ஏன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்? கைதான் திருப்பியது. அங்கே பென்சில் இல்லை, என் ஆபீஸ் பேனா, ஊதா மசி, அவள் அவசரமாய் எழுதினால் சாயும் எழுத்து. 3, மீதி 1. 7, மீதி 3. 13, மீதி 10. 19, மீதி 1. யாரும் தொடாமல் விட்டவை, வரிசையாக, ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் முழு வகுத்தல், பக்கம் பக்கமாக. எப்போது போட்டாள் இதை? நோட்டு பதினோரு வருஷமாக என் பெட்டியில்தானே பூட்டியிருக்கிறது? அப்படியானால் அந்த ஒரு நாள்தான், நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வேலைக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை. சுவரில் இருந்த தாளையும் மேசை மேல் கிடந்த என் நோட்டையும் தன் நோட்டோடு வைத்துப் பார்த்திருக்கிறாள், எங்கே பிசகியது என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நேரே 293-க்குப் போகவில்லை, மூன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள், விட்டதையெல்லாம் போட்டுத் தீர்க்கிறவள் மாதிரி. எண்ணினேன், முப்பது வகுத்தல். 281, மீதி 211. முப்பத்தொன்றாவது 293. மீதி என்ற இடத்தில் ஒரு பூஜ்யம். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை, ஒரு வார்த்தை இல்லை, மன்னிப்பு இல்லை, திட்டு இல்லை. அதைக் கட்டி மேசையில் என் கண்ணில் படும்படி வைத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் போயிருக்கிறாள். அது அவள் விட்டுவிட்டுப் போன நோட்டு இல்லை. எனக்குப் போட்ட கடிதம். நான் சாயங்காலம் வந்து அவிழ்த்துப் பார்ப்பேன், ராத்திரி பஸ் இல்லாவிட்டாலும் விடிந்ததும் தலைச்சோலைக்கு வந்து நிற்பேன் என்று... எத்தனை நாள் எதிர்பார்த்திருப்பாள்? ஒரு வாரம்? ஒரு மழைக்காலம்? ஹார்ன் சத்தம். பஸ்.

கட்டு, கட்டு, சீக்கிரம் கட்டு. சணலைச் சுற்றி முடிச்சைப் போட்டு நோட்டைப் பையில் திணிப்பதற்குள் முனியப்பன் கடைக்குள் வந்துவிட்டான். "மச்சான், நொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா? வழியில பஸ்ஸுல நாலு ஆட்டை ஏத்துனாங்க, அதுல ஒண்ணு டிரைவர் சீட்டுக்கே போயிருச்சுங்க, அது ஓட்டியிருந்தா நேரத்துல வந்திருப்போம்" என்று அவனே சிரித்தான், இந்தப் பையன் எப்போதும் என்னை வெறுத்ததில்லை, அதுவும் ஒரு தொந்தரவு. பத்திரத்தை எடுத்தான். "ஏற்காட்டுல தமிழ் டைப் அடிக்க ஆள் சிக்கலீங்க, அடிவாரம் எறங்கிச் சேலத்துக்கே போயி அடிச்சாந்தேன்." அவனுக்குப் பின்னால் ஆராயி. காதோரம் நரைத்திருக்கிறது. அரக்குக் கலர்ப் புடவை, செருப்பு புதுசு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் குடையோடு நிற்கிறவர்தான் சித்தனாக இருக்க வேண்டும், என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஆரஞ்சுக் கூடைப் பக்கம் திரும்பி விலை கேட்க ஆரம்பித்தார், தன் தோட்டத்திலேயே ஆரஞ்சு இருக்கிறவர், எங்களுக்கு இடம் கொடுப்பதற்காக. அந்த நாகரிகம் எனக்குப் பிடித்துவிட்டது, பிடித்ததற்காகவே நெஞ்சு எரிந்தது. இப்போது சொல்ல வேண்டும். இருபது நிமிஷம் இருக்கிறது. ஆராயி, முதல் படி சாமிக்கு என்று எனக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் தெரிந்தது, வா, வீட்டுக்குப் போகலாம், ஒன்பது செடியும் இருக்கிறது... சொன்னால்? அவளுக்கு இது புதுச் செய்தியா? முப்பத்தொரு வகுத்தலில் அவள் சொல்லிவிட்டதைப் பதினோரு வருஷம் கழித்து நான் அவளுக்கே சொல்ல வேண்டுமா, கண்டுபிடித்தவன் மாதிரி? அது யாருடைய நிம்மதிக்கு? பத்திரத்தைப் பிரித்தேன். 'காளியண்ணன், ஆராயி ஆகிய நாங்கள் இருவரும்' என்று ஆரம்பித்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில், அச்சு எழுத்தில். காளியண்ணன் பக்கத்தில் ஒரு கால்புள்ளி, அதை ஒட்டி ஆராயி. அவளும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரிந்தது, இருவரும் அந்த ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், முனியப்பன் "கீழ போடோணுமுங்க மச்சான்" என்று விரலால் தொட்டுக் காட்டும் வரை. போட்டேன். என் பெயரைப் போட எனக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை.

பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை உடனே. "கட்டை அவுத்துப் பாத்தீங்களா?" என்றாள். முதல் பேச்சு, பதினோரு வருஷத்தில். குரலில் ஒன்றும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான். என்னிடம் மூன்று பதில் இருந்தன. இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றால், தான் வந்து இறங்குவதற்கு இருபது நிமிஷத்துக்கு முன்தான் பார்த்திருக்கிறான் என்று மிச்ச வாழ்க்கை முழுதும் நினைத்துக்கொண்டிருப்பாள், சித்தன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. அப்போதே பார்த்துவிட்டேன் என்றால், பூஜ்யத்தைப் பார்த்த பிறகும் வராதவன். பார்க்கவே இல்லை என்றால், வெறும் வீம்புக்காரன், அவ்வளவுதான், அவள் ஏற்கனவே தெரிந்து வைத்திருக்கிற ஆள், அந்த ஆளை விட்டுவிட்டுப் போவது சுலபம். "இல்லீங்க" என்றேன். அவளிடம் நான் ஒரு நாளும் 'ங்க' போட்டதில்லை. "வெச்சது வெச்ச மாதிரியே இருக்குதுங்க." இந்தத் தடவை பொய் சொன்னது நான்தான், செய்ததைச் செய்யவில்லை என்று. ஆராயி நோட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவள் கட்டைவிரல் சணலின் மேல் போய் நின்றது, ஒரு நொடி, இரண்டு நொடி. முடிச்சு. நுனியை உள்ளே சொருகாத முடிச்சு, எஸ்டேட்டில் மூட்டைக்குப் போடுகிற இரட்டைச் சுற்று, "இதை அவுக்கறதுக்குள்ள நகம் பேந்துருமுங்க" என்று மூன்று வருஷம் அவள் என்னைத் திட்டிய அதே முடிச்சு. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். பார்த்தாளா? தெரிந்துகொண்டாளா? அல்லது விரல் சும்மா நின்றதா?

பஸ் கிளம்பிவிட்டது. சித்தன் அவளுக்கு ஜன்னல் ஓரம் விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார், முனியப்பன் படியிலிருந்து கை ஆட்டுகிறான், நானும் ஆட்டுகிறேன், விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி. கிழவி யாருக்கோ மறுபடி அளக்க ஆரம்பித்திருக்கிறது, முறத்தில் முதல் படி விழுகிற சத்தம் கேட்கிறது. ஜன்னலில் ஆராயி குனிந்திருக்கிறாள், தலை மட்டும் தெரிகிறது, கை மடியில் ஏதோ செய்கிறது, சணலை அவிழ்க்கிறாள் போல, அல்லது தன் முடிச்சாக மாற்றிக் கட்டுகிறாளோ, பனி குறுக்கே வந்துவிட்டது, வளைவில் பஸ் திரும்பிவிட்டது... நோட்டைக் கொடுத்தாயிற்று, கேட்டாள், கொடுத்தேன். ஆனால் பத்திரத்தோடு இன்றைக்கே வந்து கேட்டிருக்கலாமே? நாளைக்கே முனியப்பன் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேனே? போன ஞாயிற்றுக்கிழமையே எதற்குச் சொல்லி அனுப்பினாள், இந்தத் தடவையாவது அவிழ்த்துப் பார்ப்பேன் என்றா? திங்கள், செவ்வாய், புதன்... பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததுதான், முந்தாநாள்கூட அது மேசை மேல்தான் கிடந்தது, அதன் மேல் டீ டம்ளரை வைத்தேன்... ஒரு வாரம். முதல் நாளைக் கழித்து எண்ணினாலும் ஆறு நாள் இருந்தது.